ஆறு மில்லி

குணா,

இந்த உறையைப் பிரிக்கும்போது கடிதத்தோடு ஒரு போல்ட்டும் கீழே விழும். பெட்டி கட்டும் அவசரத்தில் ஏதோ உதிரி என்று குப்பையில் போட்டுவிடாதே. அது உன்னுடையது. ஐந்து வருஷமாக என் டூல் பாக்ஸில், ட்ரில் பிட்டுகளுக்கு அடியில், ஒரு தீப்பெட்டிக்குள் கிடந்தது. அது என்னிடம் எப்படி வந்தது என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். வருகிற புதன்கிழமை நீ பெங்களூரில் விமானம் ஏறுகிறாய். முதுகில் இந்தியா என்று எழுதிய சட்டையை உன் அம்மா ஏற்கெனவே மூன்று தடவை இஸ்திரி போட்டுவிட்டாள். இதை நேரில் சொல்லலாம்தான். ஆனால் நேரில் நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று உனக்குத் தெரியாததா? சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்பதைத் தாண்டி நாம் இரண்டு பேரும் என்றைக்குப் பேசியிருக்கிறோம்? எழுதும்போதாவது பாதியில் எழுந்து போகாமல் இருக்கிறேனா பார்க்கலாம்.

என் புத்தி உனக்குப் புதிதில்லை. முப்பத்தைந்து வருஷம் டூல் ரூமில் ஃபிட்டராக நின்றவன். கோணலாக எதைப் பார்த்தாலும் கை ஊறும். நாம் ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுக் கேட் தரையில் உரசுகிறது என்று, அவர்கள் ஊருக்குப் போன சமயம் பார்த்துக் கீலைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தேன். திரும்பி வந்தவர்கள் திருடன் கை வைத்திருக்கிறான் என்று போலீஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேட்டை விடு. நாலு வயசில் நீ பலப்பத்தை இடது கையில் பிடித்தாய். பீச்சாங்கைக்காரன் என்று பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள், நாளைக்கு மிஷினில் நின்றால் லீவரெல்லாம் வலது கைக்குத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, நீ எழுத உட்காரும்போதெல்லாம் இடது கையில் ஒரு காலுறையை மாட்டி மணிக்கட்டில் நாடா கட்டிவிடுவேன். மூன்று மாசத்தில் வலது கைக்கு வந்துவிட்டாய். ஷாப் முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். நீ திக்கிப் பேச ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஐ.டி.ஐ. முடித்ததும் எங்கள் கம்பெனியிலேயே அப்ரண்டிஸாக உனக்கு இடம் பிடித்து வைத்தேன். நீ என்னிடம் சொல்லாமல் ஆள் எடுக்கிற இடத்துக்குப் போய் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டு வந்தாய். ஒரு வாரம் கத்தினேன். பிறகு கிருஷ்ணகிரி வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டேன். இரண்டாயிரத்து இரண்டில், எல்லையில் உன் காலடியில் கண்ணிவெடி வெடித்த செய்தி கம்பெனி டைம் ஆபீஸ் போனுக்குத்தான் வந்தது. அந்த ஆபீசர் இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசினார். எனக்குப் புரிந்தது, இடது கால் என்கிற ஒன்றுதான். அடி பட்டிருக்கிறது, ஆறிவிடும் என்று வீட்டில் வந்து சொன்னேன். அம்மாவும் அதை நம்பி, நீ வந்ததும் வடை சுட்டுப் போட என்று உளுந்து ஊறப்போட நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். தொடைக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பது புனே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்ற பிறகுதான் தெரியும்.

இரண்டாவது தடவை புனேவுக்கு வந்தபோது உனக்குச் செயற்கைக்கால் பொருத்தியிருந்தார்கள். வார்டில் நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? நேராக வந்து குனிந்து அந்த முழங்கால் கீலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எவ்வளவு சுத்தமான வேலை, புஷ்ஷில் துளிகூட ஆட்டம் இல்லையே என்று கையால் தடவித் தடவிப் பார்த்தேன். நீ கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டுச் சொன்னாய்: "அப்பா, நான் இங்க மேல இருக்கறேன்."

அம்மா சிரித்துவிட்டாள், நீயும் சிரித்தாய். நானும் சிரித்த மாதிரி செய்தேன். உண்மையில் உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, குணா. இரும்பைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்தக் காலுக்கு நம் வீட்டில் 'புனே' என்றே பேர் வந்துவிட்டது. புனேவை எடு, புனேவைத் துடை என்று அம்மா சொல்லும்போது வந்திருப்பவர்கள் முழிப்பார்கள்.

நீ ஓசூருக்குத் திரும்பியதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்துத் தர ஓடினேன். உன் மாதிரி இருப்பவர்களுக்கு அப்போது அதுதான் வழி என்று எல்லாரும் சொன்னார்கள். மனு எழுதி, போட்டோ ஒட்டி, உன் கையெழுத்துக்காகக் கொண்டுவந்து நீட்டினேன். நீ வாங்கிப் படித்துவிட்டு, ஊரார் பேசுகிற நிமிஷத்தை எண்ணிக்கொண்டு உட்கார முடியாது என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாய். உன் பெட்டியில், குண்டு எறிதல் போட்டியில் எறிவார்களே, அந்த இரும்புக் குண்டு ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்த ஒரு ஹவில்தார் கொடுத்தது என்றாய். பாகலூர் ரோட்டுப் பக்கம் காலி மனையில் போய் எறிய ஆரம்பித்தாய். புனேவை ஊன்றி நின்று, இடுப்பைத் திருப்பி, இடது கையால். வேடிக்கை பார்க்க வந்த நான் வலது கையில் எறியேன், அதுதானே பலம் என்றேன். "இந்தக் கை சும்மாதானே இருக்குதுப்பா" என்றாய். உனக்கு அந்தக் காலுறை ஞாபகம் இருந்ததோ இல்லையோ, எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பத்து மாசம் நீ விடாமல் எறிந்தாய். மாநில அணித் தேர்வுக்குச் சென்னையில் இருந்து உனக்குக் கடிதம் வந்தது. அதை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

இனித்தான் நான் சொல்ல வந்தது.

அந்தக் கடிதம் வந்த மாசமே மலரைப் பெண் பார்க்க ஊத்தங்கரை போக நாள் குறித்தோம். சிங்காரப்பேட்டை வழிச் சொந்தம், அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல இடம் என்றார்கள். மிலிட்டரியில் அடிபட்டு வந்தவன் என்று தரகர் சொல்லியிருந்தார். எவ்வளவு அடி என்பதை நானும் விவரிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்குள் ஒரே கவலை, உன் நடை. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வருகிறாயே, பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று இருந்தது. புது பேண்ட் தைக்க அளவு எடுக்கிறேன் என்று உன்னைச் சுவரோரம் நிற்கவைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? பேண்ட்டுக்கு எதற்கப்பா ரசமட்டம் என்று கேட்டாய். இடுப்பு நேராக இருந்தால்தான் தையல் நேராக வரும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உன் இடுப்பெலும்பில் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. உன் இடது ஷூவுக்கு அடியில் ஒவ்வொரு தகடாகச் செருகிக்கொண்டே வந்தேன். ஆறு மில்லியில் குமிழி நடுவில் வந்து நின்றது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அடடா, இவ்வளவு பெரிய இடத்தில் ஆறு மில்லி தப்பு விட்டிருக்கிறார்களே, நான் அல்லவா கண்டுபிடித்தேன் என்று. மறுநாள் ஷாப்பில் அலுமினியத் தகடு ஒன்றை வட்டமாக வெட்டி, நடுவில் துளை போட்டு, ஓரம் தேய்த்து, எப்போதும் நான் செய்கிற மாதிரி ஒரு 6-ம் பக்கத்தில் இரண்டு புள்ளியும் பஞ்ச் அடித்தேன். நீ குளிக்கப் போனபோது புனே கதவோரம் சாய்ந்திருந்தது. பாதத்தைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினேன், தகட்டை இடையில் வைத்தேன், அதைவிட ஆறு மில்லி கூடுதல் நீளமுள்ள வேறு போல்ட் போட்டு முடுக்கினேன். கழற்றிய பழைய போல்ட்தான் இந்த உறையில் இருப்பது. சந்தேகம் வரக்கூடாது என்று அன்றைக்கே உனக்குப் புது ஷூவும் வாங்கி வந்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மாதிரியாக இருக்கிறதே என்றாய். புது ஷூ அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று உள்ளுக்குள் தெரிந்துதான் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஊத்தங்கரையில் அவர்கள் வீட்டு நிலைப்படியில் இடது கால் தட்டி விழப்பார்த்தாய். மலருடைய பெரியப்பா உன்னைத் தாங்கிப் பிடித்தார். பிடித்த கையில் தொடைச் சதைக்குப் பதிலாகச் செயற்கைக்காலின் கெட்டிக் கிண்ணம் தட்டுப்பட்டதும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நிலைப்படியில் தட்டினால் அவர்கள் பக்கம் சகுனம் சரியில்லை என்பார்கள். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நான் அன்று பட்ட அவமானத்தில் ஒரு வாய் காபிகூட இறங்கவில்லை. நான் எதற்கு அவ்வளவு பாடுபட்டேனோ அதற்கு அவசியமே இருந்திருக்கவில்லை என்பது கல்யாணத்துக்குப் பிறகு மலர் சொல்லித்தான் தெரியும். நீ போவதற்கு முன்னாலேயே அவளுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டிருக்கிறாய். இடது கால் தொடையோடு சரி, நொண்டித்தான் நடப்பேன், பிடிக்கவில்லை என்றால் காபி கொண்டு வராமல் உள்ளேயே இருந்துவிடு, நான் புரிந்துகொள்வேன் என்று எழுதியிருக்கிறாய். அவள் காபி கொண்டுவந்தாள். அதை வைத்தாவது நான் புரிந்துகொண்டிருக்கலாம், எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

வீடு திரும்பிய அன்றைக்கே தகட்டைக் கழற்றியிருக்கவேண்டும். கழற்றவில்லை. ஏன் தெரியுமா? நீ நேராக நின்றாய். பேண்ட் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தது. தெருவில் நீ போவதைப் பின்னால் நின்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அந்தக் காலோடு நீ தேர்வுக்காகக் காலையும் மாலையும் எறிந்தாய். இரண்டாவது வாரம் மீதிக்கால் சிவந்தது, மூன்றாவது வாரம் புண்ணாகிச் சீழ் வைத்தது. ஷூ சரியில்லை என்று நீ சொன்னதும் நான் என்ன செய்தேன்? ஷூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் அந்த ஆளோடு சண்டை போட்டேன். நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவனுக்கு இப்படிப்பட்ட சரக்கையா விற்கிறாய் என்று கூட்டம் கூடுகிற மாதிரி கத்தினேன். பாவம் அவர், கையெடுத்துக் கும்பிட்டு வேறு ஜோடி கொடுத்தார். தப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தே கத்தினேன், குணா. அதை நினைத்தால் இப்போதும் அந்தக் கடை இருக்கிற வீதியில் போகக் கூசுகிறது.

தேர்வு நடந்த நாள் நீ கட்டிலில் படுத்திருந்தாய். காய்ச்சல் இறங்கவில்லை. அந்தக் குண்டை அம்மாவிடம் கேட்டு வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்து வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. டீ வேணுமா என்று கேட்டேன். புண் ஆறியபோது, அந்த இடத்துத் தோல் இனிமேல் முறுக்கிச் சுழல்கிற பாரத்தைத் தாங்காது, நடக்கலாம், நின்று எறிவதை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ பத்து மாசம் சேர்த்ததை நான் ஒரு தகட்டில் எடுத்துவிட்டேன்.

காலைச் சரிபார்க்கப் பெங்களூரில் ஒரு பட்டறைக்கு உன்னை அம்மாதான் கூட்டிப்போனாள். எனக்கு ஓவர்டைம் இருப்பதாகப் பொய் சொன்னேன். திரும்பி வந்ததும் அம்மாவிடம் சாடைமாடையாக விசாரித்தேன். ஏதோ கழற்றினார்கள், ஏதோ முடுக்கினார்கள் என்றாள். நீ இல்லாத நேரத்தில் புனேவை எடுத்துப் பார்த்தேன். தகடு இல்லை, போல்ட்டும் வேறு. அங்கேயே ஸ்கிராப்பில் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் உன்னிடம் காட்டினார்களா, காட்டியிருந்தால் அதில் இருந்த பஞ்ச் உனக்குத் தெரிந்திருக்குமா என்று எத்தனை தடவை யோசித்தேன் தெரியுமா? சின்ன வயசில் உன் சைக்கிள் செயின் கார்டில்கூட அதே இரண்டு புள்ளிதான்.

இரண்டு மாசம் கழித்து அதே பட்டறைக்குத் தனியாகப் போனேன். பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்கிற மாதிரி, செயற்கைக்காலை ஏன் சமமாகச் செய்வதில்லை என்று கேட்டேன். அந்தக் கன்னடத்துக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கிளியரன்ஸ் பேக்கல்லா ஸ்வாமி" என்றார். கிளியரன்ஸ் வேண்டாமா என்று. இந்தக் கால் நல்ல கால் மாதிரி தானாக மடங்கித் தூக்காது, முன்னால் வீசும்போது நுனி தரையில் இடிக்காமல் போக வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் குட்டையாக விட்டுத்தான் செய்வோம், பெரிதாகப் படித்தவர்கள் யோசித்துச் செய்தது என்றார். ஷாப்புக்கு வருகிற ஒவ்வொரு அப்ரண்டிஸுக்கும் முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கிற வார்த்தை அது. இடைவெளி விடாமல் செய்தால் ஷாஃப்ட் சுற்றாது, சூடேறிப் பிடித்துக்கொள்ளும் என்று முப்பத்தைந்து வருஷம் சொன்னவனுக்கு, சொந்தப் பிள்ளையின் காலில் விட்ட இடைவெளி தப்பாகத் தெரிந்திருக்கிறது. ஓசூருக்கு முன்னால் ஜூஜுவாடி வரும்வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மலர் வீட்டில் அடம்பிடித்தாள், மறு வருஷம் உங்கள் கல்யாணம் நடந்தது. உட்கார்ந்தபடியே குண்டு எறிகிற பிரிவு ஒன்று இருக்கிறது என்று நீயே எங்கேயோ விசாரித்து வந்தாய். அதற்கு இரும்பில் ஒரு நாற்காலி வேண்டும், தரையோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டவேண்டும், எறியும்போது அசையக்கூடாது. அதை நீ என்னிடம் கேட்கவில்லை. உன்னோடு பள்ளியில் படித்த பஷீர், ஜூஜுவாடியில் ஹைவே ஓரம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறானே, அவனிடம் செய்துகொண்டாய். மூன்று கம்பெனியில் பேர் வாங்கிய ஃபிட்டர் வீட்டிலேயே இருக்க, லாரி பம்பர் ஒட்டுகிறவன் செய்த நாற்காலி ஆட்டோவில் வந்து இறங்கியது. வெல்டிங் கரடுமுரடாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஏன் என்னைக் கேட்கவில்லை என்று கேட்கத் தைரியம் இல்லை. தகட்டைப் பற்றி உனக்குத் தெரியுமோ என்ற சந்தேகம் எனக்கு அன்றைக்குப் பாதி தீர்ந்துவிட்டது. நீ எறியப் போன ஊருக்கெல்லாம் நான் வராததற்குச் சொன்ன முதுகுவலி, தலைவலி எல்லாம் இதுதான்.

போன மாசம் பெங்களூர் தேர்வுப் போட்டிக்கு, மாமா வரவில்லை என்றால் நான் கயிறு கட்டமாட்டேன் என்று மலர் பிடிவாதம் பிடித்ததால் வந்தேன். மைதானத்தில் அவள் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டிருந்தாள். உங்கள் பாப்பா என் கையில் இருந்தாள். நாற்காலி கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன். நாற்காலியின் பின்பக்க இடது காலுக்கு அடியில் ஒரு வட்டத் தகடு. மண் ஒட்டியிருந்தது. விரலால் தள்ளினேன். ஒரு 6, பக்கத்தில் இரண்டு புள்ளி. எனக்கு நிமிர முடியவில்லை. நீ மேலே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று முதுகிலேயே தெரிந்தது.

"அப்பா, ரசமட்டம் எடுத்தாந்தியா?" என்று கேட்டாய்.

எப்போதும் பையில் இருப்பதுதானே. எடுத்துச் சீட்டின்மேல் வைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது.

"சரியா இருக்குதா பாரு."

"இருக்குது கண்ணு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நீ ஆறு தடவை எறிந்தாய், பீச்சாங்கையால். எவ்வளவு தூரம் போனது என்று மலரைக் கேட்டால் சொல்வாள், எனக்குத் தெரியாது. நான் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அசையவில்லை. உன் பேரை வாசித்தபோது பாப்பா கைதட்டித்தான் நான் நிமிர்ந்தேன்.

ஆனால் என் புத்தி போகுமா? மைதானம் மட்டமாகத்தானே இருந்தது, தகடு எதற்கு என்று யோசனை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, நீ இல்லாதபோது நாற்காலியைக் கவிழ்த்து அளந்தேன். அந்த ஒரு கால் மட்டும் ஆறு மில்லி குட்டை. வந்ததே கோபம். மறுநாள் காலையிலேயே ஜூஜுவாடிக்குப் போய், நாலு கால் சமமாக வெட்டத் தெரியாத நீ எல்லாம் எதற்குக் கடை வைத்தாய் என்று பஷீரைப் பிடித்துக்கொண்டேன். அவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுமையாக நின்றான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தான். "எனக்கு அளவு தெரியும்ப்பா. குணாதான் ஒரு தகட்டைக் கொண்டாந்து காட்டி, இது இல்லாம நாற்காலி நிக்கக்கூடாது, அந்தக் காலை ஆறு மில்லி குறைச்சு வெட்டுடான்னு சொன்னான். எதுக்குன்னு கேட்டேன், சொல்லமாட்டேன்னுட்டான்."

ஷூக் கடைக்காரருக்கு அடுத்தபடி, தப்பில்லாத இரண்டாவது ஆளிடம் போய்க் கத்தியிருக்கிறேன் பார். அவன் டீ வாங்கிக் கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன்.

நான்தான் வைத்தேன், குணா. உன்னைக் கேட்காமல் வைத்தேன். உனக்கு வலித்தபோதும் சொல்லாமல் இருந்தேன். என்னை மன்னித்துவிடு. நீ நாற்காலியை அப்படிச் செய்யச் சொன்னது என்னை மன்னித்ததாலா, இல்லை நான் மறக்கக்கூடாது என்பதாலா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன், நீ விளக்கவேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், அப்பனுக்கு இருக்கிற உரிமையில். பாப்பா இப்போது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பித் திருப்பி நடக்கிறாள். எனக்குக் கை ஊறுகிறது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை. உனக்கும் நாளைக்கு அவளைப் பார்த்து ஏதாவது ஊறும். என் ரத்தம்தானே. அப்போது அவளிடம் ஒரு வார்த்தை கேள். அவளுக்குப் பேசத் தெரியாத வயசானால், தெரிகிற வரைக்கும் பொறு.

ரசமட்டத்தை உன் பையில், காலுறைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். அந்த ஊர்த் தரை எப்படியோ தெரியாது, மலரை வைத்துப் பார்க்கச் சொல். போல்ட்டை உன் இஷ்டம்போல் செய். பஷீரிடம் அந்த நாற்காலிக் காலைச் சமமாக்கச் சொல்லவில்லை. வீட்டிலும் நான் கை வைக்கவில்லை. அளவு தப்பிய ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று நான் திருப்பி வைத்தது அதுதான் முதல் தடவை.

அப்பா